மின்னி ஏறிய வண்டி

ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் இருட்டுப் பெட்டிக்குள், கண்ணாடித் தட்டு ஒன்றில் ஆரஞ்சு நிறப் பூஞ்சை ஒன்று குடியிருந்தது. அதனுள்ளே நாழிகை என்றொரு மரபணு. அரை நாள் வேலை, அரை நாள் தூக்கம். பொழுது விடிந்ததா சாய்ந்ததா என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவன் விழித்திருப்பது வெளியே தெரிய வேண்டுமே என்று, ஒளிரும் புரதம் ஒன்றை அவனோடு கோத்துவிட்டிருந்தார்கள். நாழிகை வேலையில் இறங்கினால் அந்தப் புரதங்கள், மின்னிகள், கூட்டமாகப் பிறப்பார்கள். அந்த வெளிச்சத்தைக் கேமரா பார்த்துக் கோடாக வரையும். பழைய புரதங்களைப் பிரித்துப்போட ஒரு வண்டி சுற்றிவரும். காலம் முடிந்த மின்னிகள் அதில் ஏறிவிட வேண்டும்.

இவர்கள் ஏறவில்லை. "வெளிச்சம் கொறஞ்சா தட்டையே தூக்கிப் போட்டுருவாங்கடி!" என்று மூத்த மின்னி கிளப்பிய பயத்தில், வண்டி வரும்போதெல்லாம் ஆளுக்கொரு மூலையில் பதுங்கினார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிர்ந்தார்கள். பாவம், அதுதான் விசுவாசம் என்று நினைத்தார்கள்.

நான்காம் நாள் பெட்டி திறந்தது.

"ஜெயசீலி மேடம், கோடு ஏறினதோட சரி, இறங்கவே இல்ல" என்றார் ஆய்வாளர் முருகானந்தம். "உள்ள கடிகாரம் நின்னுபோச்சு. நாளைக்கும் இப்படியே இருந்தா ஆட்டோகிளேவ் நீராவில வேக வெச்சுக் கொட்டிரலாம்."

மூத்த மின்னி ஓடிப்போய் நாழிகையை உலுக்கினாள்.

"அண்ணே, எந்திரிங்க! நம்மள வேக வைக்கப் போறாங்க! இன்னும் எவ்வளவுதான் எரியிறது நாங்க?"

நாழிகை பாதிக் கண்ணைத் திறந்தான். "நான் தூங்குறப்ப நீ எதுக்கும்மா எரியிற?"

"உங்களைக் காப்பாத்தத்தான்!"

"நான் தூங்குறதே தெரியலன்னா, முழிச்சது எப்படித் தெரியும்?"

தன்னால்தான் இத்தனையும் என்று புரிந்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. வண்டி வந்து நின்றது.

"நாங்க இல்லாமப் போயிட்டா?" என்றாள் நடுக்கத்தோடு.

"உங்க அண்ணன் எந்திரிச்சா உன் தங்கச்சிங்க பொறப்பாங்க" என்றான் வண்டிக்காரன். "ஏறு தாயி."

பயம் போகவில்லை. பயத்தோடேயே ஏறினாள். மூலைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் ஏறினார்கள். தட்டு மெல்ல இருண்டது.

மறுநாள் முருகானந்தம் தட்டை எடுக்கக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். ஜெயசீலி அவர் கையைப் பிடித்து நிறுத்தி, திரையில் கோடு சரிந்து தரையைத் தொட்டு மறுபடி ஏறத் தொடங்கிய இடத்தைக் காட்டினார்.

"பாருங்க சார், இங்கதான் உயிர் இருக்கு."