மஞ்சள் கரைத்த ஊருணி

கொழிஞ்சிப்பட்டி ஊருணியின் காவலாளி மாயழகு, ஆரோக்கியசாமி வாத்தியாரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது பேருந்து நிறுத்தத்தில். அன்று காலையில்தான் வாத்தியார் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஊருணிக் கரையில் உட்காரவைத்து, "சூரியன் இந்தத் தண்ணியை மேல எடுத்துக்கிட்டுப் போகும், மேகமாக்கும், மழையாத் திருப்பிக் கொடுக்கும்" என்று பாடம் நடத்தியிருந்தார்.

அது குடிதண்ணீர் ஊருணி. பத்தொன்பது வருஷக் காவலில் ஒரு எருமையைக்கூட இறங்கவிடாதவர் மாயழகு. பாடத்தைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"சார், சூரியன் ஒழுங்காத் திருப்பிக் கொடுத்துருமா?"

"ஒரு சொட்டுக் குறையாது மாயழகு" என்று சொல்லிவிட்டு வாத்தியார் பேருந்தில் ஏறினார். அடுத்த வாரம் சொந்த ஊரில் காலமானார். மேற்கொண்டு சந்தேகம் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

ஊர் கூடியது.

"கொடுப்பான், சரி. நம்ம தண்ணியைக் கொண்டுபோய் அடுத்த ஊர்ல கொட்டிட்டா?" என்றார் ஊர்த் தலைவர் வெள்ளைக்கண்ணு. "மாயழகு, போன தண்ணி திரும்பலைன்னா காவல் உனக்கில்லப்பா."

"ஆடு கலந்துபோனா எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? சாயம் தடவித்தானே?" என்றாள் ஆடு வளர்க்கும் காத்தாயி.

மாயழகுக்கு உயிர் வந்தது. குடிக்கிற தண்ணீராயிற்றே என்று சாயத்துக்குப் பதில் ஒன்பது மூட்டை மஞ்சள்தூளைக் கரைத்தார்கள்.

"தண்ணி மட்டும்தான் மேல போகும், கலந்ததெல்லாம் கீழயே தங்கிரும்னு சார் சொன்னாரு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

வெள்ளைக்கண்ணு சிரித்தார். "பாலைத் திருடிக் குடிக்கிறவன் பாலேட்டை மட்டும் விட்டுட்டா போவான்?"

கோடையில் ஊருணி அடிச்சேறு வரை வற்றியது. சாயங்காலம் மஞ்சளாக இறங்கிய சூரியனை மாயழகு ஊருக்கே காட்டினார். "பாத்தீங்களா, வாயைக்கூடத் துடைக்காமப் போறான்."

ஐப்பசியில் மழை கொட்டியது. மாயழகு செம்பில் பிடித்துப் பார்த்தார். பளிங்குபோல் இருந்தது.

"இது நம்மது இல்ல."

"பின்ன யாரோடது?"

"பக்கத்து ஊரு வேப்பங்கரைக்காரங்கதான் மஞ்சள் போடல. அவங்களோடது."

"ஐயோ, அவங்க பிள்ளைங்க தவிக்குமே!" என்றாள் காத்தாயி.

ஊரே மண்வெட்டியோடு ஓடி, ஊருணிக்கு வரும் கால்வாயை அடைத்தது. மழையெல்லாம் வேப்பங்கரைக்குப் போனது. சேற்றில் நேராக விழுந்தது மட்டும் கணுக்கால் அளவு மஞ்சளாகத் தேங்கியது. "நம்மது இவ்வளவுதான் வந்திருக்கு" என்று மாயழகு தலையில் கை வைத்தார்.

தை பிறப்பதற்குள் அதையும் குடித்துத் தீர்த்தார்கள். பிள்ளைகள் வெறும் பாட்டிலோடு பள்ளிக்கூடம் போனார்கள். மனசு கேட்காமல் வேப்பங்கரையிலிருந்து வண்டியில் மூன்று பீப்பாய் தண்ணீர் வந்தது. மாயழகு விரலை விட்டுப் பார்த்தார்.

"நல்லா இருங்கய்யா. ஆனா இது உங்களோடது."

மறுநாளும் வண்டி வந்தது, வந்தபடியே திரும்பியது. மூன்றாம் நாள் வண்டிக்காரர் வழியில் ஒரு கடையில் நிறுத்தி, மஞ்சள்தூள் பொட்டலம் வாங்கிக் கலக்கிக்கொண்டு வந்தார்.

மாயழகு விரலை விட்டார். கண் கலங்கிவிட்டது. "வந்துருச்சு! நம்ம தண்ணி வந்துருச்சு!"

கொட்டுமேளத்தோடு ஊருணியில் ஊற்றினார்கள். காவலும் மாயழகுக்கே நின்றது.

ஊருணியில் இப்போது இருப்பது மூன்று பீப்பாய் தண்ணீர். மேலே பாய் விரித்து மூடியிருக்கிறது. திருடன் பகலில்தான் வருகிறான் என்பதால் ராத்திரிக் காவலை நிறுத்திவிட்டார்கள்.