நின்றுபோன குழாய்

இதய அறுவை சிகிச்சையில் டாக்டர் நாச்சம்மை பெரிய கை. வாயும் பெரிசுதான். அவரிடம் தொழில் கற்க வந்திருந்தவர் எபனேசர்.

அன்று காலை பஸ் டிரைவர் சுடலைமுத்துவுக்கு நாச்சம்மை வால்வு மாற்றினார். அதன் பிறகு நெஞ்சில் வைத்த குழாய் வழியே ரத்தம் வந்துகொண்டே இருந்தது. அவரைக் கவனித்துக்கொண்டிருந்த எபனேசர் ரத்தம் உறையட்டும் என்று உடம்பைச் சூடாக்கினார், பிளாஸ்மா ஏற்றினார், தட்டணுக்கள் ஏற்றினார். ஒன்றுக்கும் கேட்கவில்லை. மதியம் திடீரென்று குழாயில் ரத்தம் நின்றது.

எபனேசர் நாச்சம்மையிடம் ஓடிவந்தார். "மேடம், ரத்தம் நின்னுடுச்சு!"

"பிரஷர்?"

"இறங்குது."

"கழுத்து நரம்பு?"

"புடைச்சிருக்கு."

"அப்புறம் எங்கய்யா நின்னுச்சு? குழாய் அடைச்சிருக்கு. ரத்தம் உள்ளேயே கட்டி இதயத்தை நெரிக்குது. தியேட்டருக்குத் தள்ளு!"

தள்ளிக்கொண்டு ஓடும்போதே நாச்சம்மை கேட்டார். "இவ்வளவு நேரம் நெஞ்சைத் திறந்து ஏன் பார்க்கலை?"

"திறக்கணும்னு தோணுச்சு மேடம். ஆனா... நீங்க போட்ட தையல்."

அந்த மருத்துவமனையில் அப்படியொரு வழக்கம். பெரியவர்கள் போட்ட தையலை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ரத்தம் உறையவில்லை என்று நோயாளியின் உடம்பின் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். என்ன மரியாதையோ, எரிச்சலாக இருக்கிறது!

தியேட்டரில் நாச்சம்மை உதவியாளர் நிற்கும் எதிர்ப்பக்கம் போய் நின்றார். "நீயே திற."

எபனேசர் திறந்தார். கட்டிகட்டியாக ரத்தத்தை அள்ளினார். நசுங்கிக் கிடந்த இதயம் விரிந்து அடித்தது. காலையில் போட்ட தையலோரம் ஒரு சின்ன ஓட்டை. ஒவ்வொரு துடிப்புக்கும் அதிலிருந்து ரத்தம் பீறிட்டது.

இருவரும் பார்த்தார்கள். எபனேசர் அதன் மேல் ஒரு தையல் போட்டார். கசிவு நின்றது, பிரஷர் ஏறியது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

கை கழுவும்போது மெல்ல ஆரம்பித்தார். "வெளியே அவர் மனைவி அழுதுகிட்டு நிக்கிறாங்க. ரத்தம் உறையலைன்னு சொல்லிடவா மேடம்? நிர்வாகமும் அப்படித்தான் சொல்லச் சொல்லுது."

"நிர்வாகம் கிடக்கட்டும். என் தையல் கசிஞ்சுதுன்னு சொல்லு."

"உங்க பேரு கெட்டுடுமே!"

"கெடட்டும்யா. அந்தப் பேருக்குப் பயந்துதானே மதியம் வரைக்கும் நீ கத்தியை எடுக்கலை."