என்னிடம் பேசிய குரல்

"முகம் நினைவில் இருக்கிறது. குரல் போய்விட்டது, அம்மா."

தண்ணீர்மலை இப்படிச் சொன்னபோது பெண் துறவி லின் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார்.

சீனாவின் செங்டு நகரத்தின் நடுவே இருந்த ஒரு தாவோ கோயிலின் பின்கட்டு அது. லின்னுக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்காது. நீல அங்கி, உச்சிக் கொண்டை.

தண்ணீர்மலை பினாங்குக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் சீனப் பள்ளியில் படித்ததால் மொழி கைவசம் இருந்தது.

"யாருடைய குரல்?"

"என் வீட்டுக்காரி அஞ்சலையுடையது. இந்த ஊருக்குச் சேர்ந்து வருவதாக இருந்தோம். போன மழைக்காலத்தில் போய்விட்டாள்."

"செல்போனில் பதிவு ஒன்றும் இல்லையா?"

"இருக்கிறது. மகள் கல்யாணத்தில் பேசியது. அது சபைக்குப் பேசிய குரல். என்னிடம் பேசிய குரல் இல்லை."

லின் முள்ளங்கித் துண்டுகளை முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தார்.

"இங்கே எதற்கு வந்தீர்கள்?"

"கோயில் அமைதியாக இருக்கும். அமைதியில் கேட்டுவிடும் என்று நினைத்தேன்."

"உட்கார்ந்து பாருங்கள்."

காலை முழுக்க அவர் சன்னதியில் உட்கார்ந்திருந்தார். ஊதுவத்திப் புகையில் கண் எரிந்தது. உச்சி வெயிலில் எழுந்து வந்தார்.

"கேட்டதா?"

"என் மூச்சுதான் கேட்டது." அவருக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். நீங்களாவது ஏதாவது சொல்லக் கூடாதா?"

"உங்கள் வீடு அமைதியான வீடா?"

"எங்கே! கீழே காப்பிக்கடை, மேலே நாங்கள். தட்டுச் சத்தம், மோட்டார் சைக்கிள், டிவி. அவள் கத்தினால்தான் என் காதில் விழும்."

லின் கையைக் கழுவிக்கொண்டார்.

"வாருங்கள்."

நடக்கிற தூரத்தில்தான் நகரப் பூங்கா. நுழைந்ததுமே சத்தம் அறைந்தது. ஒரு பக்கம் பெண்கள் ஒலிபெருக்கி வைத்து ஆடினார்கள். அவர்களை அமுக்குவதற்கென்றே இன்னொரு கூட்டம் பாடியது. தேநீர் குடிப்பவர்களின் மூங்கில் நாற்காலிகளுக்கு நடுவே, காது சுத்தம் செய்பவர்கள் இடுக்கியை 'ணங்'கென்று தட்டி ஆள் கூப்பிட்டார்கள்.

"இதற்கா கூட்டிவந்தீர்கள்?"

லின் குளத்தங்கரையில் நின்றார்.

"நான் அந்தக் கரைக்குப் போகிறேன். உங்கள் மனைவி உங்களை எப்படிக் கூப்பிடுவாரோ, அப்படி என்னைக் கூப்பிடுங்கள்."

"தமிழிலா?"

"அவர் எதில் கூப்பிட்டாரோ அதில்."

"பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்."

"சிரிக்கட்டும்."

லின் பாலத்தைக் கடந்து போய் எதிர்க்கரையில் நின்றார்.

"என்னாங்க," என்றார் தண்ணீர்மலை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல.

லின் காதருகே கை வைத்துக் காட்டினார். கேட்கவில்லை.

"என்னாங்க!"

ஆட்டக்காரர்களின் முரசு அதை விழுங்கிவிட்டது. லின் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

அந்த முதுகைப் பார்த்தார் தண்ணீர்மலை. கேட்டும் கேட்காததுபோல் நிற்கிற முதுகு. காப்பிக்கடையில் கூட்டாளிகளோடு அரட்டையடித்துக்கொண்டு, மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்க்காமல் அவர் உட்கார்ந்திருந்ததும் அப்படித்தான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு குளத்தின் மேல் சாய்ந்தார். எரிச்சலோடு கத்தினார்.

"என்னாங்கோவ்! சோறு ஆறுது! மேல வர்றீங்களா இல்லியா?"

தொடக்கத்தில் ஒரு கொஞ்சல், நடுவில் இழுவை, முடிவில் அதட்டல். தொண்டை மட்டும்தான் அவருடையது.

குளத்தில் துடுப்புப் போட்டவர்கள் நிமிர்ந்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

லின் திரும்பவில்லை.

தண்ணீர்மலை திரும்பினார்.

"இதோ, வந்துட்டேன்," என்றார்.