ஒச்சம்மாவின் உரல்

வீரணனுக்குச் சாமியைவிட வயது கூடுதல். ஆனாலும் மடத்துக்கு வந்தால் சாமிக்கு எதிரே தரையில்தான் உட்காருவார். அன்று உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"மூங்கிலாத்துக்கு மொதல்ல வந்தது யாரு சாமி? மலையோட பழங்கதை எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொன்னா ஊரே ஒத்துக்கிரும்."

மலைமேல் வெறும் காடாகக் கிடந்த இடம் அது. முதல் மரத்தை வெட்டியது தங்கள் பாட்டன் என்பார்கள் வீரணன் வீட்டார், கோடாலிக்காரர் வகையறா. வெட்டிவிட்டால் ஊராகிவிடுமா, முதல் ஏர் பூட்டியது எங்கள் பாட்டன் என்பார்கள் ஏர்க்காரர் வகையறா. ஊர் முகப்பில் நடுவதற்குக் கல்கூட வந்து கிடந்தது. பேர்தான் பொறிக்கவில்லை.

வாய்ச்சண்டையோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். வீரணன் தன் ஒரே மகள் செவனம்மாவை ஏர்க்காரர் வீட்டில்தான் கட்டிக்கொடுத்திருந்தார். தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதமும் பிறந்துவிட்டது. "கல்லுல எங்க பாட்டன் பேரைப் போட ஒத்துக்கங்க, பிரசவத்துக்குப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன்" என்று சம்பந்தி வாசலில் சொல்லிவிட்டு வந்த மனிதர் திரும்ப அந்தப் பக்கம் போகவே இல்லை. சம்பந்தியும் இறங்கி வரவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அந்தப் பெண்ணின் பாடாயிற்று.

"உக்காருங்க" என்றார் சாமி.

உட்கார்ந்தார்.

"ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தா. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்லையே சாமி."

"அப்ப மேல யாரும் குடியிருக்கல. ஆடியில ஏறுவாங்க. பரண் கட்டி, சாமை வெதைச்சு, தையில அறுத்துக்கிட்டு எறங்கிருவாங்க. மறு வருசம் போய்ப் பாத்தா காடு மூடியிருக்கும். திரும்ப மொதல்ல இருந்து வெட்டணும்."

"எங்க பாட்டன் காலம்" என்றார் வீரணன் நெஞ்சை நிமிர்த்தி.

"ஆமா. அப்ப ஒரு வருசம், ஒச்சம்மா கல்லு உரலை மேல ஏத்திட்டா."

"உரலையா? அந்தப் பாதையிலயா?"

"உருட்டியே ஏத்திட்டா. புருசன் தலையில அடிச்சுக்கிட்டான். 'அறுத்துட்டு எறங்குற எடத்துல உரல் எதுக்குடி'ன்னு எல்லாருக்கும் சிரிப்பு. 'குத்துறதுக்கு'ன்னா."

வீரணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தக் கார்த்திகையில மலைக்காய்ச்சல் வந்துச்சு. அள்ளிக் கட்டிக்கிட்டு எல்லாரும் கீழ ஓடுனாங்க. கோடாலி தோள்ல போச்சு. ஏரு மாட்டோட போச்சு."

"அவ?"

"'இம்புட்டுப் பாடுபட்டு ஏத்துனது விட்டுட்டு ஓடவா'ன்னு இருந்துக்கிட்டா. அவளுக்கும் காய்ச்சல் வந்துச்சு. வேப்பம்பட்டையைக் காய்ச்சிக் குடிச்சா. பந்தத்தைக் கொளுத்திக்கிட்டுப் பன்னியை வெரட்டுனா. நின்ன சாமையை ஒத்தையா அறுத்தா."

வீரணன் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"விடிஞ்சா கீழ இருக்கவங்களுக்கு மேல பொகை தெரியும். ஓடுனவங்களுக்கு வெக்கம் தாங்கல. ஒவ்வொருத்தரா ஏறிப் போனாங்க. சாமையைக் குத்திக் கஞ்சி காய்ச்சி ஊத்துனா. ஏன் ஓடுனீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. அதுக்குப் பெறகு யாரும் எறங்கல."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார் வீரணன். காடு வெட்டியிருக்கிறார், உழுதிருக்கிறார். அந்த மலையில் ஒற்றையாய் ஒரு ராத்திரிகூட அவர் படுத்ததில்லை.

"என்னா பொம்பளை சாமி! என்னா பொம்பளை!" என்றார். "கல்லுல அவ பேரையே போட்டுருவோம். நானே முன்னால நின்னு போடச் சொல்றேன்."

எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பினார். பிறந்த குணம் சும்மா விடுமா?

"ஒண்ணு மட்டும் சொல்லிருங்க சாமி. அவ கோடாலிக்காரர் வகையறாவா, ஏர்க்காரர் வகையறாவா?"

சாமி அவரையே பார்த்தார்.

"செவனம்மா எந்த வகையறா?"