முதல்ல ஒரு லைட்டு

குருவுக்கு வயது இருபத்தேழு. சிஷ்யைக்கு ஐம்பத்து நான்கு. மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

குருவின் பெயர் பர்கத் நிஷா. உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். சிஷ்யை கோசலை. ஊருக்கு வெளியே, தென்னந்தோப்பு ஓரத்தில் ஓலைக் குடில் போட்டுச் சிப்பிக் காளான் வளர்ப்பவள்.

ஒரு புதன்கிழமை காலை கோசலை ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தாள். உள்ளே உள்ளங்கை அகலத்தில், சில்லுகள் பதித்த ஒரு போர்டு.

"கம்ப்யூட்டருன்னு சொல்லித்தானுங்க குடுத்தாங்க. டிவியும் இல்லை, பட்டனும் இல்லை. என்னை ஏமாத்திப் போட்டாங்களா?"

நிஷா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இல்லீங்கக்கா. முழு கம்ப்யூட்டர்தான். மத்ததை நாமதான் மாட்டிக்கணும். எதுக்கு வாங்கினீங்க?"

"என்ற ஊட்டுக்காரருக்கு வாரத்துல ரெண்டு நாள் டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும். அங்க நாலு மணி நேரம், போக வர பஸ்ஸு, பகல் பூராப் போயிருது. அந்த நேரம் பாத்துக் குடில்ல சூடு ஏறுது. போன மாசம் வந்து பாக்கறேன், அத்தனை மொட்டும் காஞ்சு கெடக்குது. சூடு ஏறினா தண்ணி தூவற மோட்டாரு தானா ஓடோணும். அதை மட்டும் செஞ்சு குடுத்துருங்க."

"பக்கத்துல யாரும் இல்லீங்களா, ஒரு எட்டுப் பாத்துக்க?"

"பூவாத்தா இருக்கறா, அடுத்த காட்டுல. அவ ஆடு என்ற குடிலுக்குள்ள பூந்து காளான் படுக்கையைப் பிச்சு வைக்கோலைத் தின்னு ரெண்டு வருசம் ஆச்சு. அன்னைல இருந்து பேச்சு இல்லை. யாரு தயவும் வேண்டாம்னுதானுங்க இதை வாங்கினேன்."

நிஷா ஒரு டப்பாவைத் துழாவி, பச்சை நிறத்தில் ஒரு குட்டி லைட்டையும் ஒரு ரெசிஸ்டரையும் இரண்டு வயர்களையும் எடுத்து வைத்தாள்.

"நான் செஞ்சு குடுத்தா, கெட்டுப் போற அன்னைக்கு என்னைத்தான் தேடுவீங்க. நீங்களே கத்துக்கங்க. முதல்ல ஒரு லைட்டு. இதை மின்ன வைங்க."

"காளானுக்கு வழி கேட்டா லைட்டு மின்ன வைக்கச் சொல்றீங்களே? நான் என்ன தேர்த் திருவிழாவா நடத்தறேன்?"

"முதல்ல ஒரு லைட்டுங்கக்கா."

அன்றிலிருந்து கோசலை அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தாள். முதல் வாரம் அது கிண்டல்தான்.

போர்டைக் கடையின் மானிட்டரில் மாட்டிப் பார்த்தார்கள். திரை கறுப்பாகவே இருந்தது.

"அட கெரகமே, செத்துப் போச்சா?"

"இன்னும் பொறக்கவே இல்லீங்க" என்று சிரித்தாள் நிஷா. நகத்தளவு மெமரி கார்டு ஒன்றில், போர்டு ஓடுவதற்கு வேண்டிய சாஃப்ட்வேரையெல்லாம் ஏற்றிச் செருகினாள். மறுபடி சார்ஜரை மாட்டியதும் திரையில் வரிவரியாக எழுத்து ஓடியது. கோசலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"இத்தனையும் யாரு எழுதினதுங்க டீச்சர்?"

நிஷா ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். பெயர்கள். கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. எட்டாவது வரை படித்த இங்கிலீஷை வைத்துக் கோசலை எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். ஒரு பெயரும் வாயில் நுழையவில்லை.

"இவங்கல்லாம் யாரு?"

"எந்தெந்த ஊர்லயோ இருக்கறவங்க. ஆளுக்குக் கொஞ்சம் எழுதி, யார் வேணா எடுத்துக்கங்கன்னு வெச்சுட்டாங்க. நிறையப் பேர் சும்மாவே எழுதிக் குடுத்தவங்க."

"என்னைத் தெரியுமா இவங்களுக்கு?"

"தெரியாதுங்க."

கோசலை இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் தயவும் வேண்டாம் என்று அன்று மறுபடி சொல்லவில்லை.

லைட்டு மின்ன மூன்று நாளாயிற்று. ஒற்றை விரலால் ஏழு வரிக் கட்டளை தட்டினாள், எழுத்துப் பிழை. திருத்தினாள், மின்னவில்லை. போர்டைத் திட்டினாள், கடையைத் திட்டினாள், தன் தலையெழுத்தையும் விடவில்லை. நிஷா ஒரு போனைப் பிரித்து வைத்துக்கொண்டு நிமிராமலே கேட்டாள்.

"லைட்டுக்கு ரெண்டு கால் இருக்குதே, ரெண்டும் ஒரே நீளமா?"

கோசலை உற்றுப் பார்த்தாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டையும் மாற்றிச் செருகினாள். பச்சை மின்னியது. அணைந்தது. மின்னியது.

"சாமீ!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரரே எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. சூடு பார்க்கும் சென்சார் வந்தது, மோட்டாரைப் போட்டு அணைக்கும் ரிலே வந்தது. நெட்டுக்காக ஒரு பழைய போனைக் குடிலில் கட்டித் தொங்கவிட்டு, சூட்டின் அளவு கோசலையின் போனுக்கு மெசேஜாக வரும்படி செய்தார்கள். சூடு ஏறினால் மோட்டார் தானாக ஓடியது. குடில் முழுக்கப் பனி மாதிரி தண்ணீர் தூவியது. இனிமேல் தெண்டத்துக்கு எதற்கு என்று கோசலை பச்சை லைட்டைக் கழற்றி நிஷாவின் டப்பாவிலேயே திரும்பப் போட்டாள். நிஷா அதைப் பார்த்துக்கொண்டே டப்பாவை மூடினாள்.

"டீச்சர், பத்து நிமிசத்துக்கு ஒருக்கா மெசேஜ் வருதுங்களே, அதை ஒரு நிமிசத்துக்கு ஒருக்கா ஆக்கட்டுமா?"

"உங்க இஷ்டம்."

ஆக்கினாள். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் கணவர் நாச்சிமுத்து ஊசி குத்திய கையை நீட்டிப் படுத்திருந்தார். கோசலை பக்கத்தில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு. இருபத்தெட்டு. இருபத்தேழு.

"கோசலை, தண்ணி."

"இருங்க, ஒரு நிமிசம்."

"நீ குடில்லயே இருந்திருக்கலாம்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்கு மெசேஜ் நின்றது. ஐந்து நிமிடம் பார்த்தாள். பத்து நிமிடம் பார்த்தாள். பிறகு, "நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டுப் போறேன், நீங்க மெதுவா வந்துருங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள்.

குடிலுக்குள் நுழைந்தபோது உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மோட்டார் அதன் பாட்டுக்கு ஓடி நின்றிருந்தது. மொட்டெல்லாம் ஈரத்தோடு பளபளத்தது. நெட்டு மட்டும்தான் போயிருந்தது.

நாச்சிமுத்து சாயங்காலம் தனியாக வந்து சேர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. சட்டையில் மண் ஒட்டியிருந்தது.

"பஸ்ஸு படியேறறப்ப தலை சுத்திப்போச்சு. கண்டக்டரு நல்ல மனுசன், கையைப் புடிச்சு ஏத்தி உக்கார வெச்சாரு" என்றார். சட்டையைக் கழற்றி மண்ணை உதறிவிட்டுப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் கடை திறக்கும்போதே கோசலை வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"காளானைக் காப்பாத்த மனுசனை விட்டுப்போட்டு ஓடியாந்துட்டனுங்க டீச்சர். அவரு உளுந்து என்னமாவது ஆகியிருந்தா? இந்தச் சனியன் எனக்கு எதுக்கு? மெசேஜ் வந்தாலும் போனைத்தான் பாக்கறேன், வரலைன்னாலும் உசுரு போகுது. இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

நிஷா உள்ளே போனாள். டப்பாவிலிருந்து அந்தப் பச்சை லைட்டைத் தேடி எடுத்தாள். நீளமாக ஒரு வயரையும் எடுத்துக்கொண்டு, ஷட்டரை மறுபடி இறக்கிப் பூட்டினாள். இருவரும் பஸ் ஏறிக் குடிலுக்கு வந்தார்கள்.

வயரை ஓலைக்கு வெளியே இழுத்து, வாசல் மூங்கிலில் லைட்டைக் கட்டினாள் நிஷா. கோசலையை உட்காரவைத்து நான்கு வரி எழுதச் சொன்னாள். சூடு அளவாக இருந்தால் மின்னும். சூடு ஏறி இறங்காமல் போனால் நின்றுவிடும். போர்டே நின்றுபோனாலும் நின்றுவிடும்.

பச்சை மின்ன ஆரம்பித்தது.

கோசலை இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. நான் ஆஸ்பத்திரியில இருக்கறப்ப இது இங்க மின்னி யாருக்குத் தெரியும்?"

நிஷா வேலிப் பக்கம் திரும்பி நின்றாள். அந்தப் பக்கம் பூவாத்தா ஆடுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவகிட்டயா? ரெண்டு வருசமா மூஞ்சி பாக்கலீங்க."

நிஷா வயர்த் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டாள். நிமிரவே இல்லை.

கோசலை முந்தானையைச் செருகினாள், அவிழ்த்தாள், மறுபடி செருகினாள். பிறகு வேலியருகே போனாள்.

"பூவாத்தா... செவ்வாயும் வெள்ளியும் நான் இங்க இருக்கமாட்டேன். அந்தப் பச்சை லைட்டு மின்னுதான்னு ஒரு பார்வை பாப்பியா?"

பூவாத்தா கையிலிருந்த தழையைக் கீழே போட்டாள்.

"அவ்வளவுதானா? போன மாசமே உன்ற குடிலுக்குள்ள அனலடிச்சுது. வாசல் வரைக்கும் வந்தேன், குடத்தோட. இந்தப் பக்கம் கால் வெக்காதேன்னு நீதானே சொன்னே. திரும்பிப் போயிட்டேன்."

கோசலை வேலி இடுக்கில் கையை விட்டு, விழுந்த தழையை எடுத்து ஆட்டுக்கு நீட்டினாள்.

"மின்னலைன்னா சாக்கை நனைச்சுத் தொங்கவிட்டு, தண்ணி தெளிச்சு வைக்கறேன். உனக்கும் போன் போடறேன். உன்ற நம்பரைச் சொல்லு" என்றாள் பூவாத்தா.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் போன் பைக்குள் கிடந்தது. நாச்சிமுத்து தூங்கினார். அவர் மேல் கிடந்த போர்வை ஏறுவதையும் இறங்குவதையும் கோசலை நான்கு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் அவர் ஒருமுறை கண் திறந்து, "இன்னும் இங்கதான் இருக்கியா?" என்று கேட்டார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலை, அந்த மொட்டுகள் விரிந்து முதல் பறிப்பு. பறித்ததும் நல்லதாகப் பார்த்து ஒரு பெரிய பொட்டலம் கட்டிக்கொண்டு, நேராக பஸ் ஏறிக் கடைக்கு வந்தாள். மேசையில் வைத்தாள்.

"டீச்சர், மனசு நெறைஞ்சு கெடக்குதுங்க. யாருக்குன்னு நன்றி சொல்றது? நீங்க ஒருத்தரு. திரையில ஓடுச்சே அத்தனை பேரு, ஒருத்தரு விலாசமும் தெரியாது. அந்தக் கண்டக்டரு, அவரு பேருகூடக் கேட்டுக்கலை. நர்ஸம்மா, பூவாத்தா... இத்தனை பேருக்கு நான் எங்கிருந்துங்க ஆரம்பிக்கறது?"

நிஷா பொட்டலத்தைத் தொடவில்லை.

"நேத்து லைட்டைப் பாத்துக்கிட்டது யாருங்கக்கா?"

"பூவாத்தாதான். மூணு தடவை பாத்தாளாம்."

"அவங்களுக்குக் குடுத்தாச்சா?"

கோசலை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நிஷா பொட்டலத்தை எடுத்து அவள் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"முதல்ல ஒரு லைட்டு."