திங்கட்கிழமை மோர்

அப்போதெல்லாம் இருமினால் நெஞ்சுக்குள் டக்கென்று ஒரு சத்தம் வரும். கதவுக் கொண்டி விழுவதுபோல. இருபது வருடமாகிறது. இன்னும் காதில் இருக்கிறது.

இதய ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதம். நெஞ்சுத் தையல் மறுபடி சீழ் கட்டியிருந்தது.

கட்டுப் போடும் அறையில் கதிரேசன் டாக்டர், செசிலி சிஸ்டரிடம் குறைப்பட்டார்.

"மூணு தடவை தைச்சாச்சு, சிஸ்டர். ஏன் பிரியுது?"

"அழகான தையல், டாக்டர்."

"சர்க்கரையும் கட்டுப்பாட்டுலதான் இருக்கு. செவ்வாய்க்கிழமை தவறாம பார்க்கிறேன்."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"திங்கட்கிழமை என்னம்மா சாப்பிடுவீங்க?"

"ஒரு டம்ளர் மோர்."

"செவ்வாய்க்கிழமை?"

நான் டாக்டரைப் பார்த்தேன்.

"சும்மா சொல்லுங்க. டாக்டர் அடிக்க மாட்டார்."

"டெஸ்ட் முடிஞ்சதும் கேன்டீன்ல நாலு பூரி. வீட்டுக்குப் போய் மாம்பழம்."

"ஏம்மா இப்படி?" என்றார் டாக்டர்.

"சர்க்கரை கூடினா உங்க முகம் வாடிப்போகுது. பார்க்கச் சங்கடமா இருக்கு."

சிஸ்டர் சிரிக்கவில்லை. டாக்டரின் கையைப் பிடித்து என் நெஞ்சின்மேல் வைத்தார்.

"இருமுங்கம்மா."

இருமினேன்.

டக்.

டாக்டர் கையை எடுக்கவில்லை.

"அறுத்த நெஞ்செலும்பு சேரலை," என்றார்.

"தோல் மட்டும்தான் சேர்ந்திருந்துச்சு, டாக்டர்."

அவர் தன் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார்.

"கத்தரி கொடுங்க, சிஸ்டர்."

மறுநாள் ஆபரேஷன். எலும்பைச் சேர்த்து அவரே முறுக்கியிருந்த கம்பிகளை அவரே எடுத்தார். சீழ் பிடித்த எலும்பைச் சுரண்டினார். பள்ளத்தை உடனே மூடவில்லை. அடியிலிருந்து புதுச் சதை சிவந்து வரும்வரை செசிலி சிஸ்டர் தினமும் கழுவிக் கட்டினார். அதன்பின்தான் பக்கத்துத் தசையைத் திருப்பி வைத்து மூடினார்கள். ஆறு வாரம் நரம்பு வழியே மருந்து. வேளைக்கு வேளை இன்சுலின். சர்க்கரை பார்க்க விரலில் எப்போது குத்துவார்கள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நானும் கேட்கவில்லை. எல்லா நாளும் ஒரே சாப்பாடு.

செசிலி சிஸ்டர் போன ஆடியில் இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் சாம்பிராணிப் புகை முகத்துக்கு வந்தது. இருமினேன்.

பக்கத்தில் நின்ற கதிரேசன் டாக்டர் சட்டென்று என் நெஞ்சைப் பார்த்தார்.

வெறும் இருமல்தான்.