முருங்கை முதுகெலும்பை இழந்த கதை

மரமும் ஆடும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மரங்களுள் மிகக் கடினமானது முருங்கை. நம்ப மறுப்பவர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டும்.

செம்மலை என்னும் மலையின் அடிவாரத்தில் இரும்பு உருக்குவோரின் குடியிருப்பு ஒன்று இருந்தது. மலையின் சிவந்த கல்லைப் பொடித்து, கரியோடு சேர்த்துக் களிமண் உலையில் இட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி இரும்பு எடுப்பது அவர்கள் தொழில். உலைத்தலைவன் சேந்தனின் வீட்டு வாசலில் ஒரு முருங்கை நின்றது. அதன் வேர்கள் நெடுங்காலமாக அந்தச் சிவந்த மண்ணிலிருந்து இரும்பை உறிஞ்சி அடிமரத்தில் சேர்த்து வைத்திருந்தன. மரம் கருத்திருந்தது, தட்டினால் மணிபோல் ஒலித்தது. இலையோ வெறும் சக்கை. ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் செய்த கோடரி எதுவானாலும் அந்த முருங்கையில் ஒருமுறை ஓங்கி வெட்டிப் பார்ப்பார்கள். வாய் மடங்காவிட்டால் அது நல்ல கோடரி. பெரும்பாலும் மடங்கிவிடும்.

சேந்தனின் மனைவி எயினிக்கு உடன்பிறந்தோர் இல்லை. மணமாகி வந்த நாளிலேயே அவள் மரத்தை "அண்ணா" என்று அழைத்தாள். ஆகவே சேந்தனுக்கு அது மச்சான் ஆயிற்று. மச்சான் என்று ஆனபின் கேலிக்குக் குறைவேது?

"மச்சான், தயாரா?" என்பான் சேந்தன், கோடரியை ஓங்கியபடி.

"வாரும் மாப்பிள்ளை! கோடரிக்கு ஒப்பாரி வைக்க ஆள் கூட்டி வந்தீரா?" என்னும் முருங்கை. ஊர் சிரிக்கும்.

எயினி கருவுற்றாள். மாதம் ஏற ஏற அவள் முகம் வெளுத்தது. குடம் தூக்கி நான்கடி நடந்தால் மூச்சு வாங்கியது. ஒருநாள் சேந்தனின் வெள்ளாடு கல் குவித்திருந்த இடத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தது.

"முருங்கையாரே! உம் தங்கை மண் தின்கிறாள்! கண்ணால் பார்த்தேன். உலைக்குப் பொடித்து வைத்த மண்ணை அள்ளி அள்ளித் தின்கிறாள்!"

"வாயை மூடடி, தாடிக்காரி. அவளை இங்கே வரச் சொல்" என்றது மரம்.

எயினி வந்தாள். உதட்டோரம் சிவந்த புழுதி ஒட்டியிருந்தது.

"கையைக் காட்டு" என்றது முருங்கை. நகங்கள் கரண்டிபோல் குழிந்திருந்தன. "கீழிமையை இழுத்துக் காட்டு." இமையின் உட்புறம் வடித்த கஞ்சியின் நிறத்தில் இருந்தது.

"யாரிடமும் சொல்லாதே, அண்ணா. உலைத்தலைவன் பெண்டாட்டிக்குச் சோறு இல்லையா என்று கேட்பார்கள். என்னவோ, தின்றால்தான் நெஞ்சுப் படபடப்பு அடங்குகிறது."

முருங்கை திடுக்கிட்டது. ஊரெல்லாம் இரும்பு. அரிவாளும் ஆணியும் ஏர்க்கொழுவும் குவிந்து கிடக்கின்றன. அவற்றின் நடுவே, உடம்பில் இரும்பில்லாமல், வயிற்றுப்பிள்ளையோடு ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள்!

"நீ தின்கிற மண் வயிற்றில் மண்ணாகவே கிடக்கும். அதிலுள்ள இரும்பை உன் உடம்பு எடுத்துக்கொள்ளாது. எனக்கு அந்த வித்தை தெரியும். நாளை முதல் என் இலையை உருவிச் சமைத்துச் சாப்பிடு. கூடவே ஒரு நெல்லிக்காயும் கடித்துக்கொள்."

"உன் இலையையா? இந்த ஆடே அதைத் தின்னாதே!"

"நாளைக்குத் தின்னும்" என்றது முருங்கை.

அன்று தொடங்கி அடிமரத்து இரும்பு சிறிது சிறிதாக இலைக்கு ஏறியது. எயினி நாள்தோறும் பறித்துத் தின்றாள். அவள் கன்னத்தில் நிறம் வந்தது, மூச்சு சீரானது, மண்ணைப் பார்த்தால் முகம் சுளித்தாள். ஊர் மகிழ்ந்தது. மரத்தின் கருமை வெளுப்பதை மட்டும் எவரும் கவனிக்கவில்லை.

ஆடு கவனித்தது. முதுகு அரிக்கிறதென்று மரத்தில் உரசியபோது பட்டை பிய்ந்து, உள்ளே பஞ்சுபோல் வெண்மை தெரிந்தது. 

"முருங்கையாரே, இது என்ன கோலம்? அடுத்த கோடரி வந்தால் என்ன ஆகும்? நான் போய்ச் சேந்தனிடம் சொல்லிவிடுகிறேன்."

"சொன்னால் எயினி காதுக்குப் போகும். போனால் அவள் என் இலையைத் தொடுவாளா? பிள்ளை பிறக்கட்டும். பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவரை நீ வாய் திறக்கமாட்டேன் என்று சொல்."

ஆடு அழுதுகொண்டே தலையாட்டியது.

பிள்ளை பிறப்பதற்கு முன்பே கோடரி பிறந்துவிட்டது. எயினிக்கு இடுப்புவலி கண்டு அவள் வீட்டுக்குள் முனகிக்கொண்டிருந்த அதே காலையில், சேந்தன் புதுக்கோடரியோடு வாசலில் வந்து நின்றான். உள்ளே போகப் பெண்கள் விடவில்லை. சும்மா நிற்க அவனால் முடியவில்லை. வழக்கம்போல ஊர் கூடியது. கொடுத்த வாக்கை மீற முடியாத ஆடு, மரத்துக்கும் அவனுக்கும் நடுவே வந்து நின்று வெறுமனே கத்தியது. யாரோ அதைக் கொம்பைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

"மச்சான், தயாரா?"

ஒரு சொல் போதும், தப்பித்திருக்கலாம். ஆனால் எயினி படுத்திருந்த இடம் கூப்பிடு தூரம்கூட இல்லை. சொன்னால் அவளுக்குக் கேட்கும். கேட்டால் வலியோடு வாசலுக்கு ஓடி வருவாள்.

"வாரும் மாப்பிள்ளை," என்றது முருங்கை. குரல் சற்றே உள்வாங்கியிருந்தது. "ஒப்பாரிக்கு ஆள் கூட்டி வந்தீரா?"

ஊர் சிரித்தது. சேந்தன் ஓங்கி வெட்டினான்.

கோடரி வாழைத்தண்டில் இறங்குவதுபோல் இறங்கி மறுபக்கம் வந்தது. எந்தக் கோடரியையும் தாங்கும் என்று ஊர் நம்பிய மரம் ஒரே வெட்டில் சரிந்து விழுந்தது. ஊர் ஆரவாரித்தது. "அடேயப்பா, இதுவன்றோ கோடரி!" என்று சேந்தனைத் தோளில் தூக்கினார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவன் சாகும்வரை மறக்கவில்லை.

ஏனென்றால், அப்போது உள்ளேயிருந்து பிள்ளையின் அழுகுரல் கேட்டது. பிடியை உதறிவிட்டு ஆடு பாய்ந்து வந்தது.

"கெட்டிக்காரக் கோடரி என்றா நினைத்தாய்? வெட்டுப்பட்ட இடத்தைப் பார், பாவி! உன் பெண்டாட்டி உடம்பில் ஓடுவது இந்த மரத்தின் இரும்பு. உன் பிள்ளை உடம்பிலும் அதுதான். முதுகெலும்பைக் கழற்றி அவளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் இவர் உன் எதிரில் நின்றார்!"

தோளில் தூக்கியவர்கள் சேந்தனைக் கீழே விட்டார்கள். அவன் குனிந்து வெட்டுவாயைத் தொட்டான். விரல் உள்ளே அமிழ்ந்தது.

எயினி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பிள்ளையை மார்போடு அணைத்திருந்தாள். அவள் கத்தவில்லை. விழுந்து கிடந்த மரத்தின் அருகில் உட்கார்ந்து, பிள்ளையின் முகத்தை அதன் பக்கம் திருப்பினாள்.

"பார்த்துக்கொள். இவர்தான் உன் தாய்மாமன்."

சேந்தன் கோடரியை எரியும் உலைக்குள் வீசினான். முறிந்த கிளைகளை ஒவ்வொன்றாகச் சுமந்து, முறிந்த முனையில் சாணம் அப்பி, ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஊன்றினான். பிணத்தை நடுகிறான் என்று சிலர் முணுமுணுத்தார்கள். சில நாளில் எல்லாக் கிளைகளும் துளிர்த்தன. ஆனால் இலைக்கு ஏறிய இரும்பு அடிமரத்துக்குத் திரும்பவில்லை. குரலும் திரும்பவில்லை. எயினி தினமும் போய் "அண்ணா" என்று அழைத்தாள்; இலைகள் மட்டும் அசைந்தன.

அன்று முதல்தான் முருங்கைக் கிளை காற்றுக்கே முறிகிறது. முறித்து நட்டால் முளைக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு அதன் கீரை இரத்தம் ஊறக் கொடுக்கப்படுகிறது. அதைப் பறிக்கப் போகிறவள் கோடரி எடுத்துப் போவதில்லை; வெறுங்கையால்தான் ஒடிக்கிறாள்.